கால் போனால் சிரிக்கும் ஊர்
(ஊர்ப்பெயர்ப் புதிர்கள் பற்றி ஒரு மதிப்பீடு)

மூன்றெழுத்து ஊர். முதலெழுத்துப் போனால் வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய மனிதர். நடுவெழுத்துப் போனால் காட்டில் மேயும் மான். கடைசி எழுத்துப் போனால் பக்கத்தில் போகக்கூடாத சமாச்சாரம்.

மதுரை என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பீர்கள். துரை, மரை, மது. எந்த எழுத்தை உருவினாலும் மிச்சம் ஒரு சொல்லாக நிற்கிறது. இப்படி எல்லாப் பக்கமும் தாங்கும் ஊர்ப்பெயர்கள் தமிழில் ரொம்ப இல்லை. நம் சங்க மலர்களில் கட்டுரைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே இடம் மிஞ்சினால் இந்த மாதிரிப் புதிர்களைப் போடுவது வழக்கம். பொங்கல் விழாவில் நாட்டியக் கோஷ்டி உடை மாற்றும் நேரத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து நாலு புதிர் போடுவார், கூட்டம் உட்கார்ந்திருக்கும். இடத்தை நிரப்புகிற சரக்கு என்றுதான் இதற்கு மரியாதை. இதைப் போய் விமர்சனம் பண்ண என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது.

முதலில் வம்சாவளியைப் பார்த்துவிடலாம். சோழர் காலத்து அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவி வகைகளை அடுக்குகிறது. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச்சொல் காண்பது எழுத்து வருத்தனம். எழுத்தை நீக்கி நீக்கிக் காண்பது அக்கரச்சுதகம். கம், நகம், கனகம், கோகனகம் என்று ஒரு சொல் வால் பக்கம் அசையாமல் தலைப்பக்கம் வளர்ந்துகொண்டே போகும் வரிசையைத் தமிழாசிரியரிடம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கம் என்றால் நீர், நகம் மலை, கனகம் பொன், கோகனகம் தாமரை. மேடையில் மைக் பிடிக்கிற நம்மவர் செய்வதும் இதே வேலைதான். பேர் மட்டும் தெரியாது.

இன்னொரு வகை வினாவுத்தரம். கேள்வி மேல் கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் வருகிற விடையை வரிசையாக ஒட்டினால் கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்குத் தண்டியலங்காரத்தில் உள்ள எடுத்துக்காட்டு ஒரு தலத்தின் பெயர்தான். பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவ என்ன சொல்வோம்? ஏகு. போரில் விடும் சரத்துக்கு என்ன பெயர்? அம்பு. அழகுக்கு இன்னொரு பெயர்? அம். சரி, பிறைசூடிய பெருமான் விரும்பி இருக்கிற இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: திருவேகம்பம்! காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில்.

இதில் எனக்குப் பிடித்தது விடை அல்ல, ஒட்டு. திருவுக்கும் ஏகுவுக்கும் நடுவே வகர உடம்படுமெய் வந்து உட்காருகிறது. ஏகு, அம்பு இரண்டிலும் கடைசியில் இருக்கிற குற்றியலுகரம் உயிரெழுத்து வந்ததும் வழிவிட்டு நகர்கிறது. பள்ளிக்கூடத்தில் நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்த புணர்ச்சி விதிகள் ஒன்றுவிடாமல் வேலை செய்கின்றன. எந்த இடத்திலும் திருட்டுத்தனம் இல்லை. ஒரு புதிருக்கு முதல் லட்சணம் இதுதான் என்பேன். விடை தெரிந்த பிறகு, "அட, இது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்" என்று தோன்ற வேண்டும். "ஏமாத்திட்டான்யா" என்று தோன்றக் கூடாது.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மும்பைப் புதிரைப் பார்க்கலாம். மேற்கே உள்ள நம்மவர்களிடம் மிகவும் புழங்குவது. "மூன்று பை சேர்ந்த ஊர் எது?" மும்பை. கைதட்டல் விழும். ஆனால் மூன்று என்பது பகரத்துக்கு முன்னால் முப் என்றுதான் ஆகும். முப்பது, முப்பால், முப்பழம். மகரம் வந்தால்தான் மும்: மும்மூர்த்தி, மும்முரசு. ஆகவே மூன்று பை சேர்ந்தால் முப்பை. மும்பை ஆகாது. சின்ன விஷயம்தானே, விளையாட்டில் இதையெல்லாம் பார்க்கலாமா என்றால், விளையாட்டில்தான் பார்க்க வேண்டும். விதி இல்லாத விளையாட்டை எந்தப் பிள்ளையும் இரண்டு தடவைக்கு மேல் ஆடாது.

இரண்டாவது லட்சணம் ஒன்று உண்டு. அது அபூர்வம். எழுத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற சொல், அந்த ஊரோடு ஏதாவது பேச வேண்டும்.

தலையில் உள்ள மெய்யை மட்டும் நீக்குகிற வகையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ச் போனால் என்னை. நெல்லையில் ந் போனால் எல்லை. சேலத்தில் ச் போனால் ஏலம். தில்லையில் த் போனால் இல்லை. நான்கும் ஒரே அச்சு, ஒரே சூத்திரம். ஆனால் நான்கும் ஒரே தரமா? சென்னைக்கும் என்னைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வெறும் எதுகை. நெல்லை பரவாயில்லை, தமிழகத்தின் தென்னெல்லைப் பக்கம் இருக்கிற ஊர் என்று சமாளிக்கலாம். ஏலம் கொஞ்சம் சிரிப்பு வரவழைக்கிறது. தில்லை அப்படி இல்லை. சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுகிற ரகசியம் என்ன? உருவம் ஒன்றும் இல்லை, பொன் வில்வமாலை தொங்குகிற வெட்டவெளி. இல்லை என்பதைத்தான் அங்கே தரிசனம் பண்ணுகிறோம். தில்லைக்குள் ஓர் இல்லை இருப்பதைக் காட்டுகிற புதிர், அந்தக் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர்கிறது. போட்டவர் அதை நினைத்துத்தான் போட்டாரா என்பது வேறு சங்கதி.

அதே தரத்தில் இன்னொன்று காஞ்சி. நடுவில் உள்ள ஒற்றை எடுத்துவிட்டால் காசி. முத்தி தரும் ஏழு நகரங்கள் என்று பெரியவர்கள் சொல்லும் வரிசையில் இரண்டும் உண்டு. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவே ஒரு புள்ளி வைத்த ஞகரம்தான் தூரம்! வடக்கே வந்து குடியேறிய நமக்கு இந்தப் புதிர் ஏன் பிடிக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் இங்கேதான் சிக்கல். இந்தப் புதிரை எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளிடம் போட்டபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி உடனே கேட்டாள்: "தாத்தா, காஞ்சில வர்ற சி வேற, காசில வர்ற சி வேற இல்லையா?" ஞாயமான கேள்வி. காதுக்கு இரண்டும் வேறுதான். மெல்லினத்துக்குப் பின்னால் வரும் சகரம் ஒருவிதம், இரண்டு உயிருக்கு நடுவே வரும் சகரம் ஒருவிதம். அவள் தமிழைக் காதால் கற்றவள், எழுத்தால் அல்ல. இந்தியில் எழுதினால் இரண்டு ஊருக்கும் இரண்டு வேறு எழுத்து. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு சி-ஹெச், மற்றதற்கு எஸ்-ஹெச். நடுவில் எதை உருவினாலும் ஒன்று மற்றொன்றாக ஆகாது. தமிழ் எழுத்தில் மட்டும்தான் காஞ்சிக்குள் காசி இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஊர் அங்கே இல்லவே இல்லை.

ஊர்ப்பெயர்ப் புதிர் என்று நாம் பெயர் வைத்திருந்தாலும், இது ஊரைப் பற்றிய விளையாட்டு என்று நினைப்பது பாதி உண்மைதான். இது எழுத்தைப் பற்றிய விளையாட்டு. ஊர்ப்பெயர் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதைக் கருவியாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

அதிலும் நம் எழுத்து இரண்டு விதமாக உடையும். சே என்பதை இலக்கணம் ச் என்றும் ஏ என்றும் உடைக்கும். கண் அப்படி உடைக்காது. கண்ணுக்குத் தெரிவது முன்னால் ஒரு இரட்டைக்கொம்பு, பின்னால் ஒரு சகரம். சேலம் ஏலமாவது இலக்கணம் தெரிந்தவனுக்கான புதிர். கண்ணை வைத்தே ஆடுகிற புதிர் வேறு. அதில் நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்தது இதுதான்:

"நா இருக்கு, கை இருக்கு, காலும் இருக்கு. கால் போனா அழாது, சிரிக்கும். எந்த ஊர்?"

நாகை. நாவும் கையும் சேர்ந்த நாகப்பட்டினம். நகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற துணைக்காலை எடுத்துவிட்டால் நகை, அதாவது சிரிப்பு. நெடிலைக் குறிலாக்குகிற இதைப் பழைய புலவர்கள் மாத்திரைச் சுருக்கம் என்றார்கள். புதிர் போட்ட முகம் தெரியாத ஆசாமி அதைக் கால் என்ற ஒரே சொல்லால் உடம்பாக்கிவிட்டார். நாக்கு, கை, கால், சிரிப்பு என்று ஓர் ஆளே எழுந்து நிற்கிறார் பாருங்கள். கைப்பேசியில் நாகை என்று தட்டி, நா-வுக்குப் பின்னால் வைத்து அழித்தால் பெரும்பாலான கருவிகளில் முதலில் காணாமல் போவது அந்தக் கால்தான். புதிருக்குத் தெரிந்தது இயந்திரத்துக்கும் தெரிந்திருக்கிறது.

மாத்திரைச் சுருக்கத்தில் ஊர்கள் படுகிற பாடு தனி வேடிக்கை. காஞ்சி கஞ்சியாகும். மதுரையின் பழம்பெயரான கூடல் குடலாகும். சீகாழியில் உள்ள காழி கழியாகும். ஆரூர் மட்டும் தப்பித்துக்கொண்டு இன்னோர் ஊராகவே போய் நிற்கும்: தருமபுரிப் பக்கத்து அரூர். அந்த அரூருக்கு ஆங்கிலத்தில் முன்னால் ஒரு ஹெச் சேர்த்து எழுதுகிறார்கள். ஆகவே ஆங்கிலத்தில் இந்தத் தொடர்பும் அறுந்துபோகும்.

காழி என்றதும் சம்பந்தரைச் சொல்லாமல் போகக் கூடாது. பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் என்று தன் ஊருக்குப் பன்னிரண்டு பெயர். அதைச் சுற்றிச் சுற்றி வரவைத்துச் சக்கரமாற்று பாடினார். திருப்பிப் படித்தாலும் அதுவாகவே வரும் மாலைமாற்றுப் பதிகமும் அதே ஊருக்குத்தான். அதில் காழி என்ற பெயர், கொஞ்சம் நீட்டிச் சொல்லி, திருப்பிப் படிக்கும்போது யாழாகக் கேட்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இப்படி ஒரு காது. பிற்காலத்தார் இந்த வகைக் கவிகளை வெறும் கழைக்கூத்து என்று ஒதுக்கினார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, எழுத்துக்கட்டு முன்னால் வந்தால் பொருள் பின்னால் தள்ளாடுகிற பாட்டுகள் ஏராளம். ஆனாலும் சொந்த ஊரின் பெயரை விதவிதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிற ஆசையை, ஊரைவிட்டு வந்தவர்கள் நாம் அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது.

இனி ஓர் எச்சரிக்கை. புதிருக்காகப் பிரித்ததை வரலாறு என்று நம்பிவிடுகிற வியாதி நம்மிடம் உண்டு. தண்டியலங்காரத்துப் பாட்டைப் படித்துவிட்டு ஏகு, அம்பு என்பதிலிருந்துதான் ஏகம்பம் வந்தது என்று யாரும் சொன்னதில்லை. அங்கே ஒற்றை மாமரம் இருக்கிறது, பெயர் அதிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். புதிர் புதிராகவே நின்றது. ஆனால் செங்கல்பட்டு? செங்கல்லும் பட்டும் சேர்ந்த ஊர் என்று புதிர் போடுவது சரி. அங்கே செங்கல் சூளை இருந்தது, பட்டு நெய்தார்கள் என்று அடுத்த வருஷ மலரில் கட்டுரையாக வந்தால் சரியில்லை. செங்கழுநீர்ப்பட்டு என்ற பழம்பெயரை அறிஞர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' இன்றைக்கும் கையில் இருக்க வேண்டிய புத்தகம்.

"பழம் நீ" என்பது பழநி ஆயிற்று என்ற கதை இன்னும் நுட்பமானது. அந்தக் கதை நிற்க வேண்டுமானால் தந்நகரம் போட்டுப் பழநி என்று எழுத வேண்டும். றன்னகரம் போட்டுப் பழனி என்று எழுதினால் கதை கலைந்துபோகும். வேதாரண்யத்துக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு: அது மறைக்காடா, மரைக்காடா? வல்லின றகரம் போட்டால் வேதம், இடையின ரகரம் போட்டால் மான். வடமொழிப் பெயர் வேதத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மான் இன்னும் காட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது மனத்தில் உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலச் சங்க விழாக்களில் சில வருஷங்களாகவே புதிர்ச் சுற்று ஆங்கில எழுத்தில் நடக்கிறது. திரையில் ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் வரும், பிள்ளைகள் எழுத்தை மாற்றிப்போட்டு விடை சொல்வார்கள். நடத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை. பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, வராதவர்களை ஓரத்தில் உட்கார வைப்பது நல்லதா என்பார்கள். அது நல்ல எண்ணம்தான். ஆங்கில எழுத்திலும் சுவையான புதிர்கள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எஸ், ஏ, எல், ஈ, எம் என்ற சேலத்தில் கடைசி எம் போனால் விற்பனை என்று பொருள்படும் சேல். தமிழில் முதல் மெய் போனால் ஏலம். எந்தப் பக்கம் வெட்டினாலும் அந்த ஊரில் வியாபாரம்தான் நடக்கிறது! திருவல்லிக்கேணியை வெள்ளைக்காரன் ட்ரிப்ளிகேன் ஆக்கினானே, அதில் மூன்று பிரம்பு இருக்கிறது என்று பள்ளிப்பிள்ளைகள் பண்ணிய கேலியும் மோசமில்லை.

ஆனால் அந்த எழுத்துகள் நம் ஊர்ப்பெயரைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாது. 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்குப் பொருந்த மாற்றுவதாக அறிவித்தது நினைவிருக்கலாம். எண்ணம் சரி. ஆனால் வேலூரின் ஏகாரத்தைக் காட்ட வி-க்குப் பின் இரண்டு ஈ போட்டார்கள். ஆங்கிலம் படித்தவன் அதை வீலூர் என்றுதான் படிப்பான். ஊரே சிரித்தது, சில நாட்களில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். வேலூர் என்று தமிழில் எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை. வேலும் ஊரும் தெரியும், நடுவெழுத்தை எடுத்தால் வேர் தெரியும். ஆங்கில எழுத்தில் அந்த வேர் வராது.

படிக்கத் தெரியாத பிள்ளைகளை என்ன செய்வது? காதால் ஆடுகிற புதிர்களிலிருந்து தொடங்கலாம். திருவையாறு: ஐந்து ஆறு ஓடுகிற ஊர் என்பது பொருள், கணக்குப் போட்டால் முப்பது. இதற்கு எழுத்துத் தெரிய வேண்டாம், ஆறு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் தெரிந்தால் போதும். இன்னொன்று நிரோட்டகம். உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்ல வேண்டும். ப, ம, வ கூடாது, உ, ஊ, ஒ, ஓ, ஔ கூடாது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் இந்த விதியில் ஓர் அந்தாதியே பாடினார். அந்த விதிப்படி ஊரைச் செந்தூர் என்று சொல்ல வழியே இல்லை, ஊகாரம் உதட்டைக் குவித்துவிடும். செந்தில் என்றால்தான் தப்பலாம். பிள்ளைகளைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சென்னை, தஞ்சை, நாகை, நெல்லை, காசி, நாசிக் எல்லாம் தேறும். மதுரை, கோவை, மும்பை, கொல்கத்தா தேறாது. மேசைமேல் கண்ணாடியை வைத்து ஆடினால் அரைமணி நேரம் வீடு கலகலப்பாக இருக்கும். அதற்குள் உயிர் எது, மெய் எது என்று பிள்ளைக்குத் தானாகவே பிடிபட்டுவிடும். பிறகு நாகையின் காலைக் காட்டலாம்.

நம் தலைநகரத்தையும் விடக் கூடாது. தில்லி என்று எழுதினால் தில்லைக்கும் அதற்கும் கடைசி உயிர் ஒன்றே வித்தியாசம், ஐகாரம் இகரமாகிறது. தலைமெய் போனால் இல்லி, ஓட்டை. நன்னூல் மோசமான மாணவனுக்கு உவமை சொன்ன இல்லிக்குடம் ஞாபகம் வருகிறதா? டெல்லி என்று எழுதினால் இது ஒன்றும் நடக்காது. டகரத்தில் சொல் தொடங்காது என்ற பழைய விதியை மீறியதற்கு இந்தத் தண்டனை போதும்.

அடுத்த விழாவுக்கு இப்போதே ஒன்று தருகிறேன். மலைமேல் உள்ள ஊர், மூன்றெழுத்து. முதலெழுத்துப் போனால் பெருமை. முதல் இரண்டும் போனால் உடம்பில் ஓர் உறுப்பு. நடுவெழுத்துப் போனால் குதிரையைச் செலுத்தச் சொல்லும். கோடை விடுமுறைக்கு நம்மில் பலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன ஊர்தான். ஆங்கிலப் பெயரை வைத்துத் தேட வேண்டாம், அதில் அகப்படாது.